முகாமுக்குள் விழுந்த கப்பல்

கொடி அறுந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. விண் நின்றதுதான் கேட்டது.

தைப்பொங்கல் அன்று பின்னேரம். கடற்கரை முழுக்கச் சனம். வாடைக்காற்று கடலிலிருந்து நேராகக் கரைக்கு அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் பட்டம் பனைகளுக்கு மேலே, இன்னும் மூன்று பனை உயரத்தில், மூக்கைக் கடல் பக்கம் வைத்தபடி நின்றது. சாம்பல் நிறப் போர்க்கப்பல். ஆளைவிட இரண்டு மடங்கு நீளம். பீரங்கி, ராடார், கொடிமரம் எல்லாம் மூங்கிலிலும் மெல்லிய ரிசுப் பேப்பரிலும் செய்தவை. நெற்றியில் கட்டியிருந்த விண், காற்றுப் பட்டால் கூவும் அந்த நார், அரை மணித்தியாலமாக ஒரே சுருதியில் கூவிக்கொண்டிருந்தது.

பிறகு கூவவில்லை.

செல்வாண்ணையின் கையில் கொடி தொய்ந்தது. பட்டக் கயிற்றை நாங்கள் கொடி என்றுதான் சொல்வோம். கப்பல் ஒருமுறை சரிந்து, நிமிர்ந்து, புறப்பட உத்தரவு கிடைத்ததுபோல நிதானமாகத் தெற்கே போனது. பாடசாலைக் கூரையைக் கடந்தது. தண்ணீர்த் தாங்கியைக் கடந்தது. முதலில் 'ஓ' என்று கத்திய சனம், அது எங்கே இறங்கப்போகிறது என்று விளங்கியதும் அடங்கிவிட்டது.

தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் இருப்பது கடற்படை முகாம்.

"தங்கச்சி, உன்ரை கப்பல் துறைமுகத்துக்குப் போட்டுது," என்றார் செல்வாண்ணை. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அக்கா தன் முன்பள்ளிப் பிள்ளைகளைக் கைகோத்து வரிசையாக்கிக்கொண்டு நின்றாள். அவளும் சிரிக்கவில்லை. கப்பலின் அடிப்பக்கத்தில் என்ன ஒட்டியிருக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

பட்ஜெட் நாள் பகிடி

போன கிழமை இந்தப் பக்கத்தில், மூங்கில் வாங்கச் சண்டிலிப்பாய்க்குப் போன கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒருவர், பெண்பிள்ளை எதற்குப் போர்க்கப்பல் கட்டினாள் என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் சுற்றித்தான் வரும்.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் வரைபடம் படித்தவள். நெல்லியடியில் ஒரு கட்டட அலுவலகத்தில் வீட்டு வரைபடங்கள் கீறுகிறேன். எதையும் இலக்கமிட்டு எழுதாவிட்டால் எனக்கு மனம் அமைதிப்படாது. செல்வாண்ணை அதற்கு நேர் எதிர். கடற்தொழிலாளி, அக்காவின் கணவரான என் அத்தானோடு ஒரே படகில் தொழில் செய்தவர். வாயால் மட்டும் கணக்குப் பார்ப்பவர்.

ஒவ்வொரு வருடமும் வரவு செலவுத் திட்டம் வாசிக்கும் நாளில், மீன் ஏலம் போடும் கொட்டகையில் ஒரு வானொலி பாடும். பாதுகாப்புக்கு ஒதுக்கியதை வாசித்ததும் செல்வாண்ணை எழும்புவார்.

"இந்த முறையும் கூட்டிப்போட்டாங்கள். சண்டை முடிஞ்சுதெண்டு ஆரும் போய்ச் சொல்லேல்லையோ?"

சம்மாட்டியார், எங்கள் பக்கத்தில் ஐந்தாறு படகுகளுக்குச் சொந்தக்காரர், விடமாட்டார். "சும்மா அலட்டாதை. கப்பல் இல்லாட்டி உன்ரை வலையிலை நூல் மிஞ்சுமே? அங்காலை இந்தியாவிலை இருந்து வாற இழுவைப்படகு கடலைச் சுரண்டிக்கொண்டு போயிடும். என்னைக் கேட்டா இன்னும் ரெண்டு கப்பல் வாங்கோணும்."

"இருக்கிறது என்ன செய்யுது ஐயா? இழுவைப்படகு அம்பது வந்தாலும் அதின்ரை ராடாருக்குத் தெரியாது. எங்கடை போட்டிலை மண்ணெண்ணைக் கான் ஒண்டு கூட இருந்தா உடனை தெரியும்."

"அது உன்ரை முகத்தைக் கண்டு சந்தேகம்."

எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் ஒரு பாதிதான் பகிடி. தூரத்தில், கடலும் வானமும் சேரும் கோட்டில், கடற்படையின் அந்தச் சாம்பல் கப்பல் நிற்கும். எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குக் காகத்தைத் தெரிவதுபோல அதன் உருவத்தைத் தெரியும். எது பெரியது, எது பழையது, எது வேறொரு நாடு பாவித்துவிட்டுக் கொடுத்தது என்று ஐந்து வயதுப் பிள்ளையே சொல்லும்.

அக்காவுக்கு இந்தப் பகிடியில் தனியாக ஒரு பங்கு உண்டு. அவள் முன்பள்ளி ஆசிரியை. எங்கள் பக்கத்தில் சில முன்பள்ளிகளுக்குச் சம்பளம் கல்விப் பக்கத்திலிருந்து வருவதில்லை. பாதுகாப்புப் பக்கத்திலிருந்து வருகிறது. அக்காவுக்கும் அப்படித்தான். வெளியூர்க்காரருக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். எங்களுக்கு அது பழகிவிட்டது.

"ரீச்சர், உங்கடை பீரங்கி எங்கை?" என்று செல்வாண்ணை கேட்பார்.

அக்கா கைப்பையைத் திறந்து கரும்பலகையில் எழுதும் வெண்கட்டியை எடுத்துக் காட்டுவாள். "இந்தா. கிட்ட வந்தியள் எண்டா சுடுவன்."

அது அத்தான் இருந்த காலம்.

எண்ணெய் இல்லாத ஆண்டு

நாடு முழுக்க எண்ணெய் வரிசையில் நின்ற ஆண்டை இதைப் படிக்கும் யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். கடற்தொழில் செய்பவர்கள் மண்ணெண்ணெய்க்கு நின்றார்கள். கான்களில் பெயர் எழுதி, கயிற்றில் கோத்து, வீதியோரம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தார்கள். கான்கள் வரிசையில் நின்றன.

அத்தானுக்குக் கிடைத்தது கொஞ்சம். செல்வாண்ணைக்கு அன்று காய்ச்சல். கரையோடு போய் வலையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அத்தான் தனியே போனார். அது சோளகக் காலம். சோளகக்காற்று எங்கள் கரையிலிருந்து வெளியே, ஆழ்கடலுக்குத் தள்ளும்.

காலை ஒன்பது மணி போல அக்காவின் போனுக்கு அழைப்பு வந்தது. நான் பக்கத்தில் நின்றேன். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"எஞ்சின் நிண்டிட்டுது. பயப்பிடாதை. கரை தெரியுது," என்றார் அத்தான். காற்றுச் சத்தத்தில் குரல் வந்து வந்து போனது. "கப்பலும் தெரியுது. போட்டிருக்கிற சேட்டைக் கழட்டி வீசிக் காட்டுறன். பொறு, பிறகு எடுக்கிறன்."

பிறகு எடுக்கவில்லை.

நாங்கள் முகாம் வாசலுக்கு ஓடினோம். காவலில் நின்றது மிக இளம் பையன். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தான். தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்: "அக்கா, எண்ணெய் இல்லை. எங்களுக்கும் இல்லை." பொய் சொல்லும் முகமாக எனக்குத் தெரியவில்லை. எங்கள் வரிசைகளில் நின்ற எவருடைய முகத்தையும் போலத்தான் இருந்தது.

ஊர் எண்ணெய் சேர்த்தது. குப்பி விளக்கில் இருந்ததையும் ஊற்றிக்கொடுத்தார்கள். சோடாப் போத்தல்களில் வந்தது. சம்மாட்டியார் தன் படகுகளில் மிச்சமிருந்ததை வடித்துத் தந்தார். நான்கு படகுகள் போயின. செல்வாண்ணை காய்ச்சலோடு போனார். எண்ணெயில் பாதி முடியும் இடத்தில் திரும்பினால்தான் கரை சேரலாம். அந்தப் பாதியில் எல்லோரும் திரும்பினார்கள்.

சாம்பல் கப்பல் நின்ற இடத்திலேயே நின்றது. மூன்றாம் நாளும் நின்றது. நான் ஒவ்வொரு நாளும் பார்த்தேன்.

அத்தான் வரவில்லை. படகும் வரவில்லை.

அதன் பிறகு அக்காவுக்கும் மகளுக்கும் முன்பள்ளிச் சம்பளம் ஒன்றுதான். இதை இலக்கமிட்டு எழுதத் தேவையில்லை.

ஏழு வரிகள்

அடுத்த தைக்குப் பட்டம் கட்டுவோம் என்றது செல்வாண்ணைதான். "ஒரு கப்பல் கட்டுவம் தங்கச்சி. எங்கடை கப்பல். ஒரு சொட்டு எண்ணெய் வேண்டாம்."

நான் கீறினேன். பத்திரிகையில் வந்த ஒரு படத்தில் கப்பல் தளத்தில் ஆள் ஒருவர் நின்றார். அவரின் உயரத்தை அளவுகோலாக வைத்து மிச்சத்தைக் கணக்கிட்டேன். செல்வாண்ணை மூங்கில் சீவினார். பின்னேரங்களில் அக்கா வந்து பேப்பர் ஒட்டினாள். அத்தான் போனபிறகு அவள் அவ்வளவு நேரம் ஓரிடத்தில் இருந்ததை அப்போதுதான் கண்டேன்.

பொங்கல் அன்று நடக்கும் பட்டப் போட்டியில் ஒவ்வொரு பட்டத்துக்கும் ஒரு விளக்கம் கொடுக்க வேண்டும். அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் வாசிப்பார். செல்வாண்ணை பகிடிகளைச் சொல்லச் சொல்ல நான் கணினியில் ஒப்பீட்டுப் பட்டியலாக அடித்தேன்.

1. உடம்பு. அரசாங்கக் கப்பல்: இரும்பு. எங்கள் கப்பல்: மூங்கில்.
2. பிறப்பு. அது: வேறு நாடு பாவித்து முடித்தது. இது: புத்தம் புதிது.
3. எரிபொருள். அது: டீசல். இது: வாடைக்காற்று.
4. எதிரி. அது: தேடிக்கொண்டிருக்கிறது. இது: மின்சாரக் கம்பி.
5. இழுவைப்படகு வந்தால். அது: படம் எடுக்கும். இது: நிழல் விழுத்தும்.
6. செலவு. அது: கேட்கக்கூடாது. இது: கேட்டால் சொல்வோம்.
7. எஞ்சின் நின்ற படகைத் தேடி வருமா? அது: எண்ணெய் இருந்தால். இது: கொடி எட்டும்வரை.

ஏழாவது செல்வாண்ணையுடையது அல்ல. என்னுடையது.

அக்கா பசைக் கையோடு வந்து திரையைப் பார்த்தாள். ஆறு வரைக்கும் அவள் உதட்டில் சிரிப்பு இருந்தது. ஏழில் அது போனது.

"உதை எடு," என்றாள்.

"ஏன்? உண்மைதானே."

"உண்மை எண்டபடியாத்தான் எடுக்கச் சொல்லுறன். எடு."

எடுத்துவிடுகிறேன் என்றேன். எடுக்கவில்லை. ஆறோடு நின்றால் அது முடியாத பட்டியல் போல இருந்தது. அப்போது எனக்கு நானே சொன்ன காரணம் அது.

இன்னொன்றும் செய்தேன். பெரிய பட்டம் கட்டுபவர்கள் அதில் பெயரையும் வீட்டையும் எழுதி ஒட்டுவது எங்கள் கரையில் வழக்கம். கொடி அறுந்தால் பட்டம் ஊருக்குள்தான் போய் விழும். கண்டெடுத்தவர் கொண்டுவந்து தருவார். அவருக்குப் பொங்கல் கொடுத்து அனுப்புவோம். தொலைந்ததைத் திருப்பிக் கொடுக்கும் ஊரில் பெயர் எழுதாமல் விடுவது மரியாதையில்லை. செல்வாண்ணை தன் பெயரை மட்டும் போடச் சொன்னார். வேலை செய்தவர்கள் மூன்று பேர் என்றபடியால் நான் மூன்று பேரையும் போட்டேன். பெயர், முகவரி, தொழில். அக்காவின் பெயருக்கு எதிரே 'முன்பள்ளி ஆசிரியை' என்று அடித்தேன். பட்டியலும் பெயர்களும் ஒரே தாளில், நனையாமல் இருக்கப் பிளாஸ்ரிக் உறை போட்டு, கப்பலின் அடியில் ஒட்டப்பட்டன.

பொங்கல் அன்று அறிவிப்பாளர் வாசித்தார். ஒவ்வொரு வரிக்கும் கடற்கரை சிரித்தது. நான்காவதுக்குச் சம்மாட்டியாரே கைதட்டினார். ஏழாவதை அறிவிப்பாளர் அதே உற்சாகத்தோடு வாசித்தார். வெளியூர்க்காரர், அவருக்கு ஒன்றும் தெரியாது. யாரும் சிரிக்கவில்லை. சனம் திரும்பி அக்காவைப் பார்த்தது. அவள் குனிந்து ஒரு பிள்ளையின் சப்பாத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையின் சப்பாத்துக்குக் கயிறு கிடையாது.

அதற்குப் பிறகுதான் கப்பல் மேலே போனது. அதற்கும் பிறகு கொடி அறுந்தது.

ஆறு வரைக்கும்

இரண்டு நாள் கழித்து மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் சிவில் உடையில் வந்தார்கள். ஒருவர் நல்ல தமிழில் கதைத்தார். பட்டத்தைக் கொண்டுவரவில்லை. வரைபடத்தைப் பார்க்கலாமா என்று கேட்டார். கொடுத்தேன்.

"அளவெல்லாம் சரியா இருக்கு. எங்கை எடுத்தனீங்கள்?"

"பேப்பரிலை வந்த படத்திலை."

"படத்திலை இருந்து அளவு எடுக்கலாமோ?"

"ஆளின்ரை உயரம் தெரிஞ்சா எடுக்கலாம்."

அவர் அதையும் எழுதிக்கொண்டார். பகிடிக்குச் செய்த கப்பல் பிழையான அளவில் இருந்திருந்தால் நல்லது என்று அன்றுதான் நினைத்தேன்.

அடுத்த கிழமை அக்காவை, சம்பளப் பொறுப்பு இருக்கும் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். நானும் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி. வயதானவர், களைத்த முகம். எங்கள் தாள், பிளாஸ்ரிக் உறையோடு, அவர் முன்னால் இருந்தது. அக்காவின் பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு.

இருக்கச் சொன்னார். தேநீர் வந்தது.

"ரீச்சர், நான் கோபப்படவில்லை," என்றார். படித்துப் பழகிய தமிழ், ஒவ்வொரு சொல்லாக வந்தது. "நானும் வாசித்தேன். ஆறு வரைக்கும் நானும் சிரித்தேன்."

ஏழாவது வரியில் விரலை வைத்தார்.

"ஏழு பகிடி இல்லை. ஏழு முறைப்பாடு. நீங்கள் எங்கள் சம்பளம் எடுக்கிறீர்கள். எங்கள் ஆள் ஒருவர் எங்கள் கப்பல் வரவில்லை என்று எழுதினால், நான் மேலே என்ன சொல்வது?"

"சேர், அதை எழுதினது நான்," என்றேன். "அக்காவுக்குத் தெரியாது."

அவர் தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தார். "இங்கே மூன்று பெயர் இருக்கிறது. நீங்கள்தானே அடித்தீர்கள்?"

ஓம் என்றேன்.

அக்காவிடம் அவர் கேட்டது ஒரு கடிதம், அதில் மூன்று விடயம். ஏழாவது வரி உண்மையல்ல. கணவர் காணாமல் போனபோது தேடுதல் நடந்தது. தனக்கு முறைப்பாடு எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் தந்தால் கோப்பை மூடிவிடலாம். தராவிட்டால் வேலையைப் பற்றித் தன்னால் ஒன்றும் சொல்லமுடியாது. மிரட்டவில்லை. காலநிலை சொல்வதுபோலச் சொன்னார். நாங்கள் எழும்பும்போது, "தேநீர் குடிக்கவில்லையே," என்றார்.

வீட்டில் செல்வாண்ணை காத்திருந்தார். "ரீச்சர், நான் போய்ச் சொல்லுறன். பட்டியல் முழுக்க நான்தான் அடிச்சதெண்டு."

"உங்களுக்குக் கொம்பியூட்டரை எங்கை தட்டி எழுப்புறதெண்டே தெரியாது அண்ணை," என்றாள் அக்கா. "போய்ப் படுங்கோ."

அவர் போனபிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எடுத்துப்போடுறன் எண்டு சொன்னனியெல்லோ?"

"ஓம்."

"ஏன் எடுக்கேல்லை?"

"பட்டியல் முடியாத மாதிரி இருந்தது."

அவள் குரலை உயர்த்தவில்லை. "அவர் என்ரை மனுசன். உன்ரை பட்டியலிலை ஏழாம் நம்பர் இல்லை."

நான் பிழை செய்தால் பட்டியலிட்டுத் திருத்துபவள். இதற்கு என்னிடம் பட்டியல் இருக்கவில்லை.

கடிதம்

வேலை போகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கா இரண்டு வருடம் அங்கேயே படிப்பித்துவிட்டு, தானாகவே விலகி, இப்போது மகளோடு வேறு ஊரில் இருக்கிறாள். இதை எழுதலாமா என்று கேட்டபோது, "எல்லாத்தையும் எழுது. இந்த முறை எடுக்கச் சொல்லமாட்டன்," என்றாள்.

கடிதம் கொடுக்க வேண்டிய நாளுக்கு முதல் நாள், வியாழக்கிழமை மத்தியானம். முன்பள்ளி முடிந்து வந்து, முகம் கழுவி, என் மடிக்கணினிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். நான் அதிகாரி கேட்ட மூன்று விடயங்களையும் மூன்று வசனமாக ஏற்கெனவே அடித்து வைத்திருந்தேன். வாசித்துக் காட்டினேன்.

"'தேடுதல் நடந்தது' எண்டா? எப்ப?" என்றாள்.

"அந்த அதிகாரி அவ்வளவும் கேக்கேல்லை அக்கா."

"நீ எழுது. அண்டைக்கே வந்தவை எண்டு போடு. அவர் போன் எடுத்து ஒரு மணித்தியாலத்துக்குள்ளை."

அடித்தேன்.

"கப்பலும், ரெண்டு சின்னப் படகும்."

அடித்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். கைகள் மடியில் இருந்தன.

"சோளகம் எண்டபடியா வடகிழக்காலைதான் இழுபட்டிருப்பார். அவைக்கு அது தெரியும். அங்காலைதான் போனவை. பாதியிலை திரும்பேல்லை. தேவையான அளவு எண்ணெய் இருந்தது அவையிட்டை."

"ஓம்."

"ராவிலை லைற் அடிச்சவை. மூண்டு நாள் எண்டு போடு. இல்லை, நாலு நாள். தண்ணி இல்லாமல் ஒரு ஆள் நாலு நாள் தாங்குமோ?"

"தெரியாது அக்கா."

"தாங்குவார். நாலு எண்டு போடு. பேரைச் சொல்லிக் கூப்பிட்டவை எண்டும் எழுது. பேர் தெரியாதெண்டா வாசலிலை நிண்ட பெடியன் சொல்லியிருப்பான், நான் அவனிட்டைச் சொன்னனான்தானே."

தாளின் முதல் பக்கம் முடிந்து இரண்டாம் பக்கம் வந்தது. இப்படி ஒரு தேடுதலுக்கு என்னென்ன வேண்டும் என்று இத்தனை மாதமும் அவள் மனதுக்குள் சேர்த்து வைத்திருந்தது எனக்கு அப்போதுதான் விளங்கியது. எத்தனை படகு, எந்தத் திசை, எவ்வளவு எண்ணெய். ஒன்றும் விடுபடவில்லை. என்னால் அவ்வளவு ஒழுங்காக எழுதியிருக்க முடியாது.

பிறகு நிறுத்தினாள். வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"கண்டுபிடிச்சவை எண்டு போடேலாது, என்ன?"

"ஏலாது, அக்கா."

"சரி," என்றாள். "பிறின்ற் எடு. நான் சைன் வைக்கிறன்."